அடுக்களைக் கல்வியும் ஆக்கமும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் சமையலைப் பற்றிப் பேசப் புகுந்தது தங்களிற் சிலருக்கு வியப்பை விளைக்கலாம். பண்டிதனுக்கும் அடுப்படிக்கும் என்ன உறவு என்று வினவுவாரும் உளர். உறவு உண்டு. அடுதற்றொழிலுக்கு நம் முன்னோர் நூல் கண்டனர். அதனை மடைநூல் என்றனர். நல்லியக்கோடன் பாணர்க்கு அளித்த உணவு வீமனது மடைநூல் நெறியினின்றும் வழுவாது சமைக்கப்பட்டதென்று சிறுபாணாற்றுப்படை கூறுகின்றது. அவ்வீமனே கரந்துறைந்த காலத்தில் விராடனது மடைப்பள்ளியிற் பணிபுரிந்தான். நாடிழந்த நளன் இருதுபன்னனுக்குச் சமையற்றொழில் செய்து காலங்கழித்தான். முடிமன்னர்க்கு இடுக்கண் வந்த காலத்துத் துணைநின்ற தொழில் நமக்கு மட்டும் இழிவாகுமோ?

ஆயினும் நம்மவருள் இன்றும் ஓர் எண்ணம் நிலவுகின்றது. மகன் பொறியியல் கற்கச் சங்கத்தின் கல்வி நிதியை நாடுதல் பெருமை. மகளோ மருமகளோ சமையலால் நாலு காசு ஈட்டுதல் சிறுமை. "வீட்டில் கஷ்டம் போலும்" என்று ஊர் பேசுமே என அஞ்சுகின்றோம். அதே பெண்மணி கல்யாண வீட்டில் ஐந்து நாள் அடுப்பருகே நின்று ஊதியமின்றி உழைத்தால், "கைமணம்" என்று புகழ்ந்து, ஒரு ரவிக்கைத் துணி கொடுத்து அனுப்புகின்றோம். புகழுக்கு உரியது ஊதியத்துக்கும் உரியதன்றோ?

யான் வற்புறுத்த விழைவது இதுவே. நன்றாகச் சமைத்தல் ஒரு திறமை. அதனைப் பிறர்க்குக் கற்பிக்கவும் விற்கவும் தக்க தொழிலாக்குதல் மற்றொரு திறமை. முன்னது நம் இல்லங்களில் நிரம்ப இருக்கின்றது. பின்னது அளவு, கணக்கு, ஊதியம் கேட்க நாணாமை என்னும் மூன்றினால் வருவது.

முதலில் அளவை நோக்குவோம். உப்பு எவ்வளவு என்று பாட்டியைக் கேட்டால், "கண்ணளவு" என்பார். பாகு எப்பொழுது இறக்குவது என்றால், "பதம் வந்ததும்" என்பார். அவர் கூறுவது உண்மையே. ஆனால் அவ்வுண்மை அவரோடே போய்விடுகின்றது. இலக்கியம் முன்னும் இலக்கணம் பின்னும் தோன்றின; எனினும் இலக்கணம் எழுதப்பட்ட பிறகே மொழியைப் பிறநாட்டாரும் கற்க இயன்றது. சமையலுக்கும் அஃது ஒக்கும். "பதம்" என்னும் ஒரு சொல்லை அவிழ்த்து, பாகைத் தண்ணீரில் ஒரு துளி விட்டால் கரையாமல் விரலால் உருட்ட வருகின்றதா எனப் பார் என்று சொல்ல வல்லாரே ஆசிரியராவார்.

இதனைச் செய்து காட்டியவர் எஸ். மீனாட்சி அம்மாள். இளமையிலேயே கணவரை இழந்தவர். சமையலில் அவருக்கிருந்த தேர்ச்சியை அறிந்து உறவினர் பலர் பக்குவங்களைக் கேட்ட வண்ணம் இருந்தனர். அவர் மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர், அவற்றை ஒரு நூலாக எழுதலாமே என்று ஊக்கினார். 1951-இல் "சமைத்துப் பார்" வெளிவந்தது. இத்தனை பேருக்கு இத்தனை அரிசி, இத்தனை பருப்பு, இன்னது முன், இன்னது பின் என்று, தாய் அருகில் இல்லாத பெண்ணும் செய்யும்படி எழுதினார். அவர் 1962-இல் மறைந்தார், நூல் மறையவில்லை. பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு, கடல் கடந்து குடியேறிய குடும்பங்களின் அடுக்களையிலும் இடம் பெற்றது. உறவினர்க்கு வாய்மொழியாய் வழங்கியதை அளவிட்டு எழுதியமையால் அது நூலாயிற்று. நூலானமையால் அவர்க்கும் அவர் வழியினர்க்கும் பொருளாயிற்று.

கற்பித்தலையே தொழிலாகக் கொண்டவர்க்குத் தர்லா தலால் அம்மையார் எடுத்துக்காட்டு. 1936-இல் புனாவிற் பிறந்து, மணம்புரிந்து பம்பாயிற் குடியேறிய அவர், 1966-இல் தம் வீட்டிலேயே சமையல் வகுப்புத் தொடங்கினார். அவர் கண்ட நுட்பம் ஒன்றுண்டு. தம்மிடம் வருவோர் மரக்கறி உண்போர். அவர்களுக்கோ பிறநாட்டு உணவுகளின் மேல் ஆவல். அவ்வுணவுகளை மரக்கறியாக மாற்றி, நம் கடைகளிற் கிடைக்கும் பண்டங்களால் செய்யக் கற்பித்தார். தமக்குத் தெரிந்ததைச் சொல்வதோடு நில்லாமல், மாணவர்க்கு எது வேண்டும் என்று ஆராய்ந்தார். எட்டாண்டு கற்பித்த பின்னரே, 1974-இல், முதல் நூலை வெளியிட்டார். பின்னர் எழுதிய நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டன. தொலைக்காட்சி, பத்திரிகை, இணையம் என்று அவரது வகுப்பறை விரிந்தது. 2007-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 2013-இல் காலமானார். கல்லூரியிற் சமையற் பட்டம் பெற்றவரல்லர் அவர். பல்லாண்டு மாணவர் கேட்ட ஐயங்களே அவருக்குப் பாடநூலாயின.

இனிக் கணக்கு. இதிலேதான் நம் பெண்மக்கள் பெரிதும் இழக்கின்றனர். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வேன். தொகைகள் விளக்கத்திற்காகக் கொண்டவை. ஒருவர் ஒரு கிலோ பருப்புப்பொடி செய்கின்றார். பண்டங்கள் 240 ரூபாய். அதனை 300 ரூபாய்க்கு விற்று, 60 ரூபாய் ஆதாயம் என்று மகிழ்கின்றார். எரிவாயுவுக்கும் அரைப்புக்கும் 30, உறைக்கும் சீட்டுக்கும் 25, வீணாவதற்கு 15, வறுத்து ஆறவிட்டு அரைத்துச் சலித்துக் கட்டும் இரண்டு மணி நேர உழைப்புக்கு 120 என்று கூட்டினால், அடக்கம் 430 ஆகின்றது. அவர் தம் உழைப்பு முழுவதையும் இனாமாக ஈந்து, மேலும் 10 ரூபாயைக் கைப்பொருளிலிருந்தும் ஈந்திருக்கின்றார்! ஆதாயம் என்று அவர் எண்ணியது நட்டமே. தம் உழைப்புக்கு விலையிடாத வாணிகம் நிலைபெறாது.

கணக்கோடு ஒழுங்கும் சேர்ந்தால் எத்துணை உயரலாம் என்பதற்கு லிஜ்ஜத் அப்பளமே சான்று. 1959 மார்ச் 15-ஆம் நாள், பம்பாய் கிர்காமில், ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று, வீட்டு மாடியில் அப்பளம் இட்டனர். முதல் நாள் நான்கு பொட்டலங்கள். அது நன்கொடையன்று, கடன், திருப்பிச் செலுத்தினர். முதலாண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயாமையால் சில மாதங்கள் தொழிலையே நிறுத்த நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினர். கட்டிலின் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை வைத்து உலர்த்தினர். தொழில் நிற்கவில்லை. தொடக்கத்தில் தரம் குறைந்ததை மலிவாய் விற்கும் வழக்கமும் இருந்தது; பின்னர் அதனை விட்டனர். ஒரே தரம் என்று உறுதி செய்தனர். மாவு நிலையத்திற் பிசையப்படும். உறுப்பினர் அதனை வீட்டுக்குக் கொண்டுபோய் இட்டு, உலர்த்திக் கொண்டுவந்து ஒப்படைப்பர். ஒருவரையொருவர் சகோதரி என்றே அழைப்பர்; அனைவரும் உடைமைக்காரர். இன்று அதில் 45,000 பெண்களுக்கு மேல் உள்ளனர். தொடங்கிய எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மையாருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

உணவுத் தொழில் தொடங்குவோர் சட்டத்தையும் அறிதல் வேண்டும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி, வீட்டிலிருந்தே செய்து விற்போரும் பதிவு பெற வேண்டும். பெருந்தொழிலுக்கு உரிமம் வேண்டும். பொதியின் மேல் பண்டங்களின் பெயர், நிகர எடை, செய்த நாள், எந்நாள் வரை உகந்தது என்பவற்றோடு, 14 இலக்கப் பதிவு எண்ணும் பொறிக்க வேண்டும். இவற்றைத் தொல்லையென்று கருதாதீர்கள். முன்பின் அறியாதவர் நம் ஊறுகாயை நம்பி வாங்குவதற்கு அந்த எண்ணே பிணை. பயிற்சி வேண்டுவோர்க்கு மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும், தஞ்சையில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும், மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையங்களும் இருக்கின்றன.

கற்பிக்க விழைவோர்க்கு ஆசிரியன் என்னும் முறையில் இரண்டொரு சொல். பத்துப் பேருக்கு மேல் ஒரு வகுப்பிற் சேர்க்காதீர்கள். மாணவர் வேடிக்கை பார்த்துத் திரும்பலாகாது. ஒவ்வொருவரும் தம் கையால் கிளற வேண்டும். பண்டம் கெட்டால் எக்காரணத்தாற் கெட்டது என்று அங்கேயே விளக்குங்கள். பிழையிலிருந்து கற்றது மறவாது. கட்டணத்தை முன்னரே கூறிப் பெற்றுக்கொள்ளுங்கள். கற்க வருவோரின் குலம் வினவாதீர்கள். பிறப்பு நோக்கிக் கதவடைத்தல் கல்விக்கும் அழகன்று, வாணிகத்துக்கும் ஆகாது.

இனிச் சங்கத்தாருக்கு என் விண்ணப்பம். நம் கல்யாண மண்டபத்தின் பெரிய அடுக்களை ஆடியிலும் மார்கழியிலும் பூட்டிக் கிடக்கின்றது. பெரும்பாத்திரங்களும் அடுப்புகளும் தூசி படிந்து உறங்குகின்றன. அவ்விரண்டு மாதங்களிலும் அங்கே சமையல் வகுப்பு நடத்த இடந்தாருங்கள். கற்பிக்கும் பெண்மணிகளுக்கு மாணவர் கட்டணத்திலிருந்து ஊதியம் கொடுங்கள். கல்வி நிதியில் ஒரு பகுதியை, கணவரை இழந்தோரும் வருவாய் குன்றியோரும் சிறுதொழில் தொடங்கக் கடனாக ஒதுக்குங்கள். தானமாக வேண்டா, தானம் பெற்றவர் தலை குனிவர், கடனைத் தீர்த்தவர் தலை நிமிர்வர்.

அன்பர்களே! தங்களிடமும் ஒரு வேண்டுகோள். நம் தங்கையோ அண்ணியோ முறுக்குச் சுற்றி விற்கத் தொடங்கினால், "நமக்குள் என்ன விலை?" என்று கேளாதீர்கள். கடைக்காரருக்குக் கொடுக்கும் விலையை முழுவதும் கொடுங்கள். உறவினர் குறைத்துக் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் அவர் உழைப்பிலிருந்து பிடுங்கப்படுவது.

ஆக்குதல் என்னும் சொல்லுக்குச் சமைத்தல் என்றும் படைத்தல் என்றும் பொருள் உண்டு. ஆக்கம் என்றால் செல்வம். நம் தாய்மார் முன்னதில் வல்லவர். பின்னதும் அவர் கைவசமாதல் வேண்டும். இதற்குச் சங்கம் வழிசெய்யும் என்னும் நம்பிக்கையோடு அமைகின்றேன்.