விமானப் பயணமும் மூக்கின் நோவும்



நமுனுகுல மலைச்சாரலில் வாழும் எங்களுக்கு ஏற்றமும் இறக்கமும் புதியன அல்ல. ஹப்புத்தளையிலிருந்து பெரகலை வழியாகப் பஸ் வண்டி வளைந்து வளைந்து இறங்கும்போது காது அடைத்துக்கொள்வதும், எச்சிலை விழுங்கியவுடன் அது திறந்துகொள்வதும் தோட்டத்துச் சிறுவரும் அறிந்தவையே. இச்சிறு தொல்லை ஆகாய விமானத்திலே பெருந்துன்பமாக மாறக்கூடும் என்பதை நான் ஐம்பது வயதைக் கடந்த பின்னரே உணர்ந்தேன்.

உறவினர் திருமணத்துக்காகக் கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் சென்றேன். கடுந்தடிமன் பிடித்திருந்தது. ஒரு மணி நேரப் பயணந்தானே என்று அதனைப் பொருட்படுத்தவில்லை. விமானம் இறங்கத் தொடங்கியதும் புருவத்தின் மேலே ஊசியால் குத்துவது போன்ற வலி எழுந்தது. திருமணப் பந்தலிலும் நெற்றியைப் பிடித்தவாறே அமர்ந்திருந்தேன்.

இதற்குக் காரணம் யாது? நமது நெற்றியிலும் கன்னங்களிலும் எலும்புகளுக்குள்ளே காற்றறைகள் உள்ளன. அவை சிறு துவாரங்கள் வழியாக மூக்கினுள் திறக்கின்றன. நடுச்செவியும் ஊத்தேக்கியாவின் குழாயினால் மூக்கின் பின்புறத்தோடு இணைந்துள்ளது. விமானம் பத்தாயிரம் மீற்றர் உயரத்தில் பறந்தாலும், அதன் உள்ளே 1,800 முதல் 2,400 மீற்றர் வரையான உயரத்துக்குரிய காற்றமுக்கமே பேணப்படுகிறது. எங்கள் நமுனுகுலச் சிகரத்தின் உயரம் 2,000 மீற்றருக்குச் சற்று மேல். ஆகவே, நெடுந்தூர விமானப் பயணி நமுனுகுல உச்சியில் அமர்ந்திருப்பவனுக்கு ஒப்பானவன் எனலாம். பஸ் வண்டி பல மணி நேரத்தில் இறங்கும் அந்த உயரத்தை அவன் அரைமணி அளவில் இறங்கிவிடுகிறான்.

அமுக்கம் குறைந்தால் காற்றின் கனவளவு பெருகும்; அமுக்கம் கூடினால் அது சுருங்கும். இது 1662இல் போயில் வெளியிட்ட விதி. விமானம் ஏறும்போது அறைகளில் உள்ள காற்று விரிந்து பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். இறங்கும்போதோ வெளிக்காற்று உள்ளே புகவேண்டும். தடிமனால் துவாரங்கள் வீங்கியிருந்தால் அதற்கு வழியில்லை. அப்பொழுது அறையின் உட்சவ்வு இழுபட்டு வீங்குகிறது; சிலவேளை இரத்தமும் கசியும். செவிப்பறையும் அவ்வாறே உட்புறம் இழுபடுகிறது.

விமானம் தோன்றுமுன்பே இந்நோவை உணர்ந்தவர் உளர். 1783 திசெம்பர் 1ஆம் நாள், பிரெஞ்சு அறிஞர் சாள்ஸ் பாரிஸ் நகரிலிருந்து ஐதரசன் பலூனிலே புறப்பட்டார். அன்று தனியே ஏறத்தாழ 3,000 மீற்றர் உயரஞ் சென்றபோது, காதில் கடுவலி கண்டு கீழே இறங்கினார். அதன்பின் அவர் பலூனில் ஏறவேயில்லை.

அவருக்கு ஏறாமலிருக்கும் உரிமை இருந்தது. எங்கள் பெண்களுக்கு அது எளிதன்று. என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி வீட்டுப் பணிக்காக அரபு நாடொன்றுக்குச் சென்றாள். தடிமன் இருப்பதைச் சொன்னால் பயணம் நின்றுவிடுமோ, பட்ட கடன் என்னாவது என்று அஞ்சி அதனை மறைத்துவிட்டாள். இறங்கும்போது காது அடைத்தது. இரண்டு வாரம் திறக்கவில்லை. புதிய வீட்டிலே எசமானி அழைத்தது அவளுக்குக் கேட்கவில்லை. கேளாமையைச் சோம்பல் என்று எண்ணி ஏசினார்களாம். நோவைச் சொல்ல மொழியும் இல்லை. "காது வலியைவிட அந்த ஏச்சுத்தான் சேர் வலித்தது" என்று திரும்பி வந்தபின் அவள் சொன்னதை நான் மறக்கவில்லை.

ஆதலால், நேயர்களே, கடுந்தடிமனோ பீனிசமோ இருந்தால் பயணத்துக்கு முன் வைத்தியரைக் காணுங்கள்; இயன்றால் நாளைத் தள்ளிவையுங்கள். தள்ள இயலாவிடின், மூக்கடைப்பை நீக்கும் துளிமருந்தை அவர் சொன்னபடி, இறங்குவதற்கு அரைமணி முன்னர் பயன்படுத்தலாம். அதனைப் பல நாள் தொடர்ந்தால் அடைப்பு மிகும். விமானத்தினுள் காற்று வறண்டிருக்கும். அடிக்கடி நீர் அருந்துங்கள். இறங்கும் வேளையில் உறங்காதீர்கள். இனிப்பொன்றைச் சுவைத்து விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். கைக்குழந்தைக்கு அப்பொழுது பாலூட்டுங்கள். மூக்கைப் பிடித்து ஊதுவதாயின் மிக மெதுவாக ஊதுங்கள். தடிமனுள்ளவர் அதனைத் தவிர்ப்பதே நன்று. வலி நீடித்தாலோ, இரத்தம் வந்தாலோ, காது கேளாவிட்டாலோ வைத்தியரிடம் செல்லுங்கள்.

பிள்ளைகளை வெளிநாடு அனுப்பும் பெற்றோர், கடவுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்பதோடு, "தடிமன் இருக்கிறதா?" என்றும் ஒருமுறை கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சாமல் விடை சொல்லும் துணிவையும் அவர்களுக்குக் கொடுங்கள்.