நீர்க்காகம்

குளக்கரையிலே, பட்ட மரக்கொம்பொன்றில், இரு சிறகுகளையும் அகல விரித்தபடி அசையாதிருக்கும் கரிய பறவையை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதனை நாம் நீர்க்காகம் என்கிறோம். சிங்களத்திலே 'தியகாவா' என்பர், பொருள் அதுவே. ஆங்கிலப் பெயரும் 'கடற்காகம்' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து பிறந்ததாகும். மும்மொழியும் காகமென்றே அழைப்பினும், அது காக்கை இனத்ததன்று.

இலங்கையிலே மூவகை நீர்க்காகங்கள் உள. அவற்றுட் பெருவழக்காகக் காணப்படுவது அரை மீற்றர் நீளமுள்ள சிறிய நீர்க்காகம். நுனி வளைந்த அலகு, நீண்ட வால், நான்கு விரல்களையும் ஒருங்கே இணைக்கும் தோலடி ஆகியன அதன் அடையாளங்கள். நீரினுள் மூழ்கிக் கால்களால் உந்தி மீனைத் துரத்தும். பிடித்ததை மேலே கொணர்ந்து, தலைப்பக்கமாக விழுங்கும்.

1954ஆம் ஆண்டிலே பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட கட்டுக்கரைக் குளத்துக்கு ஒருமுறை மாணவரை அழைத்துச் சென்றிருந்தேன். சிறகுலர்த்திக் கொண்டிருந்த பறவையின்மீது ஒரு சிறுவன் கல்லெறிந்தான். காரணம் வினவினேன். "ஐயா, அது எங்கள் மீனைத் தின்கிறது, அப்பாவின் வலை வெறுமையாக வருகிறது" என்றான். அவன் வீட்டு அடுப்பு அக்குளத்தை நம்பியே எரிவது. ஆதலின் அவனைக் கடிய எனக்கு மனம் வரவில்லை.

அவனுக்குக் கூறியது இதுவே: "தம்பி, வாத்தின் இறகில் நீர் ஒட்டாது. இதன் இறகின் வெளிப்புறமோ நனைந்துவிடும். நனைவதனால் இறகினிடையே தங்கும் காற்றுக் குறைகிறது, மூழ்குவது எளிதாகிறது. அதற்கு ஈடாக, கரையேறியதும் வெயிலில் உலர்த்தவேண்டும். உன் தந்தையார் வலையை உலர்த்துவதும் அவ்வாறன்றோ? இச்சிறு பறவை பெரும்பாலும் உண்பது சிறுமீன். அப்பாவின் வலைக்கண்ணில் அகப்படுவதோ பெருமீன். சிறுகண் வலையிட்டுக் குஞ்சுகளையும் வாரிச் செல்வோர் உளராயின், நாளைய மீனுக்கு அவர்களன்றோ கணக்குச் சொல்லவேண்டும்?"

சிறுவன் மறுமொழி கூறவில்லை. ஆயினும், கையிலிருந்த மற்றைக் கல்லைக் கீழே போட்டான்.

நேயர்களே, குளத்தை நம்பி வாழ்வோர் இருவர். ஒருவருக்கு வலை உண்டு. மற்றவருக்குச் சிறகு உண்டு. இருவருக்கும் இடமுள்ள குளமே வளமான குளம்.