ஊருக்கு ஒரு நாள்: ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் ரெண்டு பேர் மட்டும்

போன மாசம் சென்னையிலிருந்து ஒரு சகோதரி குரல் செய்தி அனுப்பியிருந்தாங்க. கல்யாணம் ஆகி 19 வருஷம். பையன் இந்த வருஷம்தான் ஹாஸ்டலுக்குப் போயிருக்கான். இத்தனை வருஷத்தில் கணவனும் மனைவியும் மட்டுமாக ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கினது இல்லையாம். போனதெல்லாம் கல்யாணம், காதுகுத்து, துக்கம் விசாரிப்பு. இப்போ ரெண்டு நாள் கிடைக்குது. கோயிலுக்குப் போறோம்னு சொன்னால் வீட்டுப் பெரியவங்க மறுபேச்சு பேச மாட்டாங்க. ஆனால் கோயிலை மட்டும் பார்த்துட்டுத் திரும்பவும் மனசில்லை. எங்கே போகலாம்? இதுதான் கேள்வி.

என் பதில், ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும். ரெண்டுக்கும் நடுவில் 12 கிலோமீட்டர் போலத்தான் இருக்கும். டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். ஒரு ஊர் கோயிலைச் சுத்தி வளர்ந்தது, இன்னொரு ஊர் மில்லைச் சுத்தி வளர்ந்தது. பல மொழி, பல பழக்கவழக்கம் கலந்த ஊர்னா உடனே பினாங்கு, சிங்கப்பூர், கொச்சின்னு யோசிக்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், விருதுநகர் மாவட்டத்தின் ஓரத்தில், அந்தக் கலப்பு சத்தமில்லாமல் இருக்கு. அதைப் பார்க்க விசா வேண்டாம், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதலில் போக்குவரத்து. சென்னையிலிருந்து செங்கோட்டை போகிற பொதிகை எக்ஸ்பிரஸ் ரெண்டு ஊரிலும் நிற்கும். ராத்திரி ஏறினால் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர். மதுரைப் பக்கம் இருக்கிறவங்களுக்குப் பஸ்ஸே போதும், ரெண்டு மணி நேரம் முன்னேபின்னே ஆகும். குற்றால சீசன் நேரத்தில் அந்த ரயிலில் டிக்கெட் கிடைப்பது கஷ்டம், அதனால் தேதி முடிவானதும் டிக்கெட்டைப் போட்டுடுங்க.

தங்குவதற்கு ஒரே ரூம், ஸ்ரீவில்லிபுத்தூரில். ரெண்டாவது நாள் வாடகையும் சேர்த்துக் கொடுத்திடுங்க. காலையில் ரூமைக் காலி பண்ணிட்டு, பெட்டியைத் தூக்கிக்கிட்டு ராஜபாளையம் வீதியில் அலைஞ்சா அந்த நாளே வீணாப் போயிடும். பெட்டி ரூமில் இருக்கட்டும், நீங்க ரெண்டு பேரும் கை வீசிட்டுப் போய்ட்டு வாங்க. இன்னொன்று, ரெண்டு பேருமே ஆதார் அட்டையைக் கையில் வச்சுக்குங்க. லாட்ஜ் கவுண்டரில் நின்னு மனைவி அட்டைக்காக போனில் தேடுறது, பயணத்தைத் தொடங்க நல்ல வழி இல்லை.

இப்போ முதல் நாள். குளிச்சு முடிச்சதும் நேரே கோயில். வடபத்ரசாயி கோயில் ராஜகோபுரம் 11 நிலை, 190 அடிக்கு மேல் உயரம். தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கிற கோபுரம் இதுதான்னு ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. இல்லை, அது மதுரை மேலக்கோபுரம்னு வாதாடுகிறவங்களும் உண்டு. அந்த வழக்கை நாம தீர்க்க வேண்டாம், அண்ணாந்து பார்த்துட்டு உள்ளே போவோம்.

பன்னிரண்டு ஆழ்வார்களில் ரெண்டு பேர் இந்த ஊர்க்காரங்க. பெரியாழ்வார், அவர் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்து வளர்த்த மகள் ஆண்டாள். அந்த நந்தவனத்தை இன்றைக்கும் பார்க்கலாம். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் முதலில் சூடி, அழகு பார்த்துட்டு அனுப்பினாள் என்பது கதை. அப்படி அழகு பார்த்த இடம்னு கண்ணாடிக் கிணறு ஒன்றைக் காட்டுவாங்க. கருவறையில் ஆண்டாள், ரங்கமன்னார், கருடன் மூணு பேரும் சேர்ந்து நிற்பாங்க. ஆண்டாள் கையில் இருக்கிற கிளியைக் கவனிங்க. அது பொம்மை இல்லை. இலையும் பூவும் நாரும் வைத்துத் தினமும் புதுசாகச் செய்கிற கிளி. ஒரு நாள் வாழ்வுக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்து அதைக் கட்டுறாங்க.

இந்த ஊரின் கலப்பும் அங்கேதான் ஆரம்பிக்குது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்காக மதுரைக்குப் போகும். புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும் போகும். 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் இந்தப் பெண்ணின் கதையை வைத்துத் தெலுங்கில் ஒரு காவியமே எழுதினார். பெயர் ஆமுக்தமால்யதா. நம்ம 'சூடிக்கொடுத்தவள்' என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்லுது. ஒரு தமிழ்ப் பொண்ணு, தெலுங்கு இலக்கியத்தின் பெரிய நூல் ஒன்றுக்குக் கதாநாயகி. இதை மனசில் வச்சுக்குங்க, நாளைக்கு ராஜபாளையத்தில் இது வேற மாதிரி கேட்கும்.

மதியம் நடை சாத்திடுவாங்க. சாயங்காலம்தான் மறுபடி திறப்பாங்க. நிறையப் பேர் இந்த இடைவெளியைப் பார்த்துப் பதறி, "சும்மா உட்கார்ந்து என்ன பண்றது, வா, சிவகாசியைப் பார்த்துட்டு வந்துடலாம்"னு கிளம்பிடுவாங்க. தயவுசெய்து கிளம்பாதீங்க. என் கணக்கில் அந்த மூணு மணி நேரம்தான் இந்தப் பயணத்தின் நடுப்பகுதி. வாழை இலையில் சாப்பாடு, ரூமுக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே தூக்கம். வீட்டில் பகல் தூக்கம் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு. உங்களுக்கு எப்போ உண்டு? குக்கர் விசிலுக்கும் காலிங் பெல்லுக்கும் காது கொடுக்காமல் ஒரு மதியம் படுத்திருக்கிறது, பல வீட்டுப் பெண்களுக்கு இன்னும் வாய்க்காத சுகம். அதற்காகவே இந்தக் காசைச் செலவு பண்ணலாம்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ரத வீதிகளில் நடங்க. விருப்பம் இருந்தால் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலுக்கும் போய் வரலாம். வைணவ ஊர்னு பேர் வாங்கின ஊரில் பெரிய சிவன் கோயிலும் உண்டு. அப்புறம் பால்கோவா. 2019இல் புவிசார் குறியீடு வாங்கினது. பாலும் சர்க்கரையும்தான் சரக்கு, மீதியெல்லாம் அடுப்பும் கிண்டுகிற கையும். முதல் நாளே பெட்டி பெட்டியாக வாங்காதீங்க. ஒரு நூறு கிராமை இலையிலோ காகிதத்திலோ வாங்கி, கடை வாசலில் நின்னு ரெண்டு பேரும் சாப்பிடுங்க. ஊருக்கு வாங்குவதை ரயில் ஏறுவதற்கு முன்னால் வாங்கினால் போதும்.

ரெண்டாவது நாள் ராஜபாளையம். ஊர்ப் பேரிலேயே இருக்கிற ராஜுக்கள், விஜயநகர, நாயக்கர் காலத்தில் ஆந்திரப் பக்கமிருந்து தெற்கே வந்தவங்க. பழையபாளையம், சிங்கராஜாகோட்டை பக்கம் நடந்தால் வீட்டுக்குள்ளே தெலுங்கு கேட்கும், வாசலுக்கு வந்ததும் தமிழாக மாறும். அந்தத் தெலுங்கை எழுதப் படிக்கத் தெரியாத குடும்பங்கள் ஏராளம். நூற்றாண்டுக் கணக்கில் காதாலும் நாக்காலுமே காப்பாற்றி வச்சிருக்காங்க. நேற்று பார்த்த ஆண்டாள் கதை இங்கே ரெண்டு மொழிக்கும் சொந்தம். பக்கத்துத் தெருவில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் நெசவாளர்கள், மலைப் பக்கம் பளியர் குடிகள், மலையைத் தாண்டினால் கேரளா. ஊர் சின்னது, அடுக்கு நிறைய.

1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பஞ்சும் நூலும் ஊரின் நடையையே மாற்றின. பக்கத்தில் இருக்கிற சத்திரப்பட்டியில் நெய்கிற துணி என்ன தெரியுமா? காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ். உங்க வீட்டு முதலுதவிப் பெட்டியில் இருக்கிறதுகூட அங்கே நெய்ததாக இருக்கலாம். அந்தத் தெருக்களில் தறிச் சத்தம் கேட்கும். உள்ளே போய்ப் பார்க்க ஆசைப்பட்டால், வேலை செய்கிறவங்களிடம் முதலில் கேளுங்க. போட்டோ எடுக்கும் முன்னாலும் கேளுங்க.

1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தன் வீட்டையே ஊருக்குக் கொடுத்தார், அதுதான் காந்தி கலை மன்றம். மாகாணத்தை ஆண்டவர் குடியிருந்த வீடு, இப்போ ஊர்ப் பொதுச் சொத்து. வாசலில் நின்னு பார்த்துட்டு வந்தாலும் நல்லது.

ராஜபாளையம் நாயைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரங்க கோபப்படுவாங்க. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் தபால் துறை இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இதற்கும் ஒன்று வந்தது. குட்டியைப் பார்த்தால் மனசு இளகும். ஆனால் பயணத்தில் வந்த ஆசையில் குட்டியை வாங்கிடாதீங்க. அது காவலுக்கும் வேட்டைக்கும் ஓடி வளர்ந்த இனம். ரெண்டு படுக்கையறை ஃபிளாட் அதற்கு ஜெயில். மாம்பழ சீசனாக இருந்தால் பழம் வாங்குங்க, அது உங்களிடம் எதையும் எதிர்பார்க்காது.

மலை ஆசை இருக்கிறவங்களுக்கு ரெண்டு இடம் உண்டு. ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் அருவி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் செண்பகத்தோப்பு. ரெண்டையும் ஒரே நாளில் போடாதீங்க. இந்தக் காடு 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாச்சு. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது அதோடு சேர்ந்தது. நம்ம வசதிக்குத் திறந்து வச்ச பூங்கா இல்லை. மழை, தீ அபாயம்னு வனத்துறை வழியை மூடலாம், கோடையில் அருவியில் தண்ணியே இல்லாமலும் போகலாம். முந்தின நாளே விசாரிச்சுட்டுப் போங்க. மூடியிருந்தால் சண்டை போடாமல் திரும்பிடுங்க.

எப்போ போகலாம்? ஆடிப்பூரத்துக்குத் தேர் இழுக்க ஊரே நிரம்பும். மார்கழியிலும் கூட்டம். திருவிழாதான் வேண்டும்னா அது தனிச் சந்தோஷம், தாராளமாகப் போங்க. ஆடிப்பூரத் திருவிழாவில் சயன சேவைன்னு ஒரு நாள் உண்டு. அன்றைக்கு ஆண்டாள் மடியில் ரங்கமன்னார் தலை வைத்துப் படுத்திருக்கிற கோலம். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து சேவிக்கிறது வழக்கம். களைச்சுப் போன ஒருத்தர் இன்னொருத்தர் மடியில் தலை சாய்க்கிறதையே ஒரு ஊர் தெய்வக் காட்சியாக வச்சுக் கும்பிடுது. பெரியவங்க முன்னாடி பக்கத்தில் உட்காரவே கூச்சப்படுற நம்ம வீட்டு ஜோடிகள் இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பார்க்கணும். ஆனால் பேச நேரமும் நடக்க இடமும் வேண்டும்னா, திருவிழா இல்லாத ஒரு சாதாரண வாரநாள் நல்லது.

கடைசியாகத் திட்டம் போடுகிற முறை. பெரும்பாலான வீடுகளில் அவர் டிக்கெட் போடுவார், அவங்க பெட்டி கட்டுவாங்க. எங்கே போகணும்னு அவங்களை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. இந்த முறை மாத்துங்க. ஒரு தாளில் ரெண்டு பேரும் தனித்தனியாக எழுதுங்க: கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று, கட்டாயம் வேண்டாதது ஒன்று. மொத்தம் நாலு வரி. அந்த நாலும் நடந்தால் பயணம் ஜெயிச்ச மாதிரி. மீதியெல்லாம் கிடைச்சால் லாபம். அவர் 'நாய்'னு எழுதி, அவங்க 'சொந்தக்காரங்க வீடு வேண்டாம்'னு எழுதினால் ரெண்டுக்கும் ஒரே மரியாதை. பக்கத்து ஊரில் சித்தப்பா இருக்கார், போகலைன்னா வருத்தப்படுவார்னு கடைசி நிமிஷத்தில் சேர்க்கக் கூடாது. சித்தப்பாவுக்குப் பொங்கலுக்குப் போய்க்கலாம்.

வீட்டுக்கு போன் ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. பையன் சாப்பிட்டிருப்பான். மாத்திரை எங்கே இருக்குன்னு மாமனாருக்குத் தெரியும். தெரியலைன்னா இந்த ரெண்டு நாளில் தெரிஞ்சுக்குவார், அதுவும் நல்லதுதான்.

கோயிலுக்குப் போறோம்னு சொல்லிட்டுப் போறது பொய்யாகாதான்னும் அந்தச் சகோதரி கேட்டிருந்தாங்க. ஆகாதுங்க. கோயிலுக்குத்தானே போறீங்க. கூடவே ரெண்டு பேருக்கும் இன்னும் என்னவெல்லாம் பிடிக்கும்னு விசாரிச்சுட்டு வரப் போறீங்க. அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

நீங்க போய்ட்டு வந்த ஊர் எதுன்னு எங்களுக்கும் சொல்லுங்க.