சட்டத்தை வாசித்துச் சொல்லும் நண்பன்



வளைகுடா நாடுகளுக்கு அடுத்தபடியாக இலங்கை இளைஞரின் வாயில் அடிபடும் பெயர் கொரியா. 2004இல் அந்த நாடு தொடங்கிய வேலை அனுமதி முறையில் இலங்கையும் சேர்ந்தது. கொரிய மொழிப் பரீட்சையில் தேறியவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் வழியே தொழிற்சாலைக்கும் கட்டுமானத்துக்கும் மீன்பிடிக்கும் போகிறார்கள். புறப்படுகிறவரிடம் ஊரே சம்பளத்தைக் கேட்கிறது. வாரத்தில் எத்தனை மணி நேர வேலை என்பதையும் கேட்க வேண்டும்.

கொரியர் ஓயாமல் உழைத்தார்கள், அதனால் உயர்ந்தார்கள் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். உழைத்தது உண்மை. 1963 முதல் 1977 வரை ஏறத்தாழ 8,000 கொரியர் மேற்கு ஜெர்மனியின் சுரங்கங்களில் இறங்கினார்கள்; கொரியத் தாதியர் பல்லாயிரம் பேர் அங்குள்ள மருத்துவமனைகளில் இரவும் பகலும் கடமை செய்தார்கள். எழுபதுகளில் கொரியக் கட்டுமானத் தொழிலாளர் சவூதிப் பாலைவனத்துக்குப் போனார்கள். இன்று நமது கிண்ணியாவின் பல வீடுகளில் நடப்பதுபோலவே அன்று கொரிய வீடுகளும் வெளிநாட்டிலிருந்து வரும் காசை எதிர்பார்த்திருந்தன.

ஆனால் அந்த உழைப்புக்கு எல்லை வகுக்கப் போராடியவர்களும் கொரியர்தான். அந்தக் கதை இங்கே குறைவாகவே பேசப்படுகிறது.

சியோல் நகரின் பியொங்ஹ்வா சந்தையில் தையற்கடைகள் அடுக்கடுக்காக இருந்தன. நிமிர்ந்து நிற்கவும் முடியாத தாழ்ந்த கூரைக்குக் கீழே, பஞ்சுத் தூசிக்குள், பதின்ம வயதுச் சிறுமிகள் நாளுக்கு 14 மணி நேரம் வேலை செய்தார்கள். மாதத்தில் இரண்டே நாள் விடுமுறை. அங்கே துணி வெட்டும் வேலையிலிருந்த ஜொன் தே-இல் என்ற இளைஞர், பஸ் காசில் அந்தச் சிறுமிகளுக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, இரவில் நெடுந்தூரம் நடந்தே வீடு போவார். நாட்டில் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று இருப்பது தந்தை சொல்லித்தான் அவருக்குத் தெரியவந்தது. 1953இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று தெளிவாகவே வரையறுத்திருந்தது. புத்தகத்தை வாங்கினார். சீன எழுத்துகள் நிறைந்த சட்டமொழி அவருக்கு விளங்கவில்லை. வாசித்து விளக்க ஒரு பல்கலைக்கழக மாணவன் நண்பனாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கினார்.

அதிகாரிகளிடம் மனுக் கொடுத்தும் பலனில்லை. 1970 நவம்பர் 13ஆம் திகதி, சட்டத்தைக் கடைப்பிடியுங்கள் என்று கூவியபடி தன் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 22. அந்த மரணம் எவருக்கும் வழியாகிவிடக் கூடாது. அவர் ஏங்கிய நண்பர்கள் அவர் உயிரோடு இருக்கையில் வந்திருக்க வேண்டும். அவர் இறந்த பிறகே மாணவர்கள் தொழிலாளரைத் தேடி வந்தார்கள். அவர்களில் ஒருவரான சோ யங்-ரே வழக்கறிஞரானார். ஜொன்னின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். அந்நூல் 1983இல் கொரியாவில் வெளியானபோது ஆசிரியர் பெயரைப் போட முடியாத அளவுக்கு அடக்குமுறை இருந்தது.

சட்டம் மெல்ல மெல்ல மாறியது. 1989இல் 48 மணி 44 ஆனது. 2004 முதல் படிப்படியாக 40 மணி, ஐந்து நாள் வாரம் வந்தது. மேலதிக நேரத்தையும் விடுமுறை நாள் வேலையையும் சேர்த்து 68 மணிவரை வேலை வாங்க இருந்த இடைவெளியை 2018ஆம் ஆண்டுத் திருத்தம் மூடி, உச்சவரம்பை 52 மணியாக்கியது. 2023இல் அரசாங்கம் சில வாரங்களில் 69 மணிவரை அனுமதிக்க முனைந்தபோது, இளம் ஊழியர்களின் எதிர்ப்பு அதைப் பின்வாங்க வைத்தது. இப்போதைய ஜனாதிபதி லீ ஜே-மியுங் நாலரை நாள் வாரத்தைத் தேர்தல் வாக்குறுதியாகத் தந்தவர்.

தமிழரும் இந்தக் கதைக்குள் வருகிறார்கள். 2024 செப்டெம்பர் 9ஆம் திகதி, தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரில், கொரிய நிறுவனமான சாம்சங்கின் தொழிற்சாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் அது நீடித்தது. சம்பளம், வேலை நேரம், சங்கத்துக்கு அங்கீகாரம் என்பவை அவர்களின் கோரிக்கைகள். 2025 ஜனவரியில் அவர்களுடைய சங்கம் பதிவானது.

இனி, கிண்ணியா கவனிக்க வேண்டிய இடம். கொரியாவின் அந்த 52 மணி வரம்பு எல்லோருக்கும் பொருந்தாது. விவசாயம், கால்நடை, மீன்பிடித் தொழிலாளருக்கு வேலை நேரம், ஓய்வு, விடுமுறை பற்றிய விதிகளிலிருந்து சட்டமே விலக்கு வைத்திருக்கிறது. ஐந்து பேருக்குக் குறைவான ஊழியர் உள்ள இடங்களுக்கும் இந்த வரம்பு இல்லை. வயலும் கடலும் தெரிந்த ஊரிலிருந்து போகிறவர் போய்ச் சேரக்கூடிய இடங்கள் அவைதாம். இலங்கையிலும் நிலைமை பெரிதாக வேறில்லை: 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணி என்கிறது, ஆனால் வள்ளத்தில் போகிறவருக்கும் வயல் வரம்பில் நிற்கிறவருக்கும் அது பொருந்தாது.

இந்த இடைவெளியில் மனிதர் நசுங்குகிறார்கள். 2020 டிசம்பரில், பொச்சொன் என்ற இடத்தில் கடும் குளிரில் பண்ணைக் கொட்டகையில் தங்கியிருந்த கம்போடியப் பெண் தொழிலாளி ஒருவர் இறந்தார். 2025இல், நாஜு நகரின் செங்கல் தொழிற்சாலையில் இலங்கை இளைஞர் ஒருவரைச் செங்கற்களோடு கட்டி பாரந்தூக்கி வண்டியில் தூக்கிய காணொளி வெளியானது. கொரிய ஜனாதிபதியே அதைக் கண்டித்தார். வேலைத்தளத்தை மாற்றிக்கொள்வதும் எளிதல்ல. முதல் மூன்று ஆண்டுகளில் மூன்று தடவைதான் மாறலாம், அதுவும் சட்டம் ஏற்கும் காரணங்களுக்கு மட்டும்.

பட்டதாரிகளே, உங்கள் தெருவிலிருந்து ஒருவர் கொரியாவுக்கோ கட்டாருக்கோ புறப்படும்போது, கையெழுத்திடும் முன் அவரோடு உட்காருங்கள். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். எந்தத் துறை, நாளுக்கு எத்தனை மணி, மேலதிக நேரத்துக்கு எவ்வளவு, ஓய்வு நாள் எது, தங்குமிடத்துக்குச் சம்பளத்தில் எவ்வளவு கழிப்பார்கள், பிரச்சினை வந்தால் எங்கே முறையிடுவது என்ற ஆறு கேள்விகளுக்கும் விடையை எழுதி, ஒரு பிரதியை அவரிடமும் ஒரு பிரதியை அவருடைய வீட்டிலும் கொடுங்கள். இதற்கு அலுவலகமோ நிதியோ வேண்டாம். நூலகத்தில் ஒரு மேசையும் வாரத்தில் ஒரு மாலையும் போதும். அடுத்த வாரமே நீங்கள் இதைத் தொடங்கலாம்.