மரத்தடியே முதற்கோயில்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றாக வகுத்து யாத்திரையின் பயனை நம் முன்னோர் உரைத்தனர். இம்மூன்றோடு நான்காவதாக ஒன்றையும் தலபுராணங்கள் தவறாது குறிப்பிடும். அதுவே தல விருட்சம். மதுரைக்குக் கடம்பு, திருவானைக்காவுக்கு நாவல், காஞ்சிக்கு மா, நெல்லைக்கு மூங்கில் எனத் தலத்துக்கு ஒரு மரம் உண்டு. மூர்த்தியைக் காண நாம் வரிசையில் நிற்கிறோம். தீர்த்தத்தைத் தலையிலே தெளித்துக்கொள்கிறோம். மரத்தை மட்டும் ஏனோ பலர் திரும்பியும் பாராமல் வந்துவிடுகின்றனர். அந்த மரத்தைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகின்றேன். கண்டி மாநகரும் அதன் சுற்றுப்புறமும் இதற்குத் தக்க சான்றுகளைத் தருகின்றன.

கண்டிக்கு வரும் யாத்திரிகர் தலதா மாளிகையைத் தரிசித்த பின், அதற்கு எதிரேயுள்ள நாத தேவாலய வளவினுள் சற்றே நுழைந்து பார்த்தல் நன்று. இத்தேவாலயம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கண்டியில் இன்று நிலைத்து நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழமையானது. அவ்வளவில் வெள்ளரசு மரம் உண்டு. வெள்ளாடை உடுத்த தாய்மார் குடத்தில் நீர் ஏந்தி, மரத்தை வலம்வந்து, அதன் அடியில் வார்ப்பதைக் காணலாம். அருகே பத்தினி தேவாலயம். சற்று மேலே விஷ்ணு தேவாலயம். கடைத்தெருப் பக்கம் கதிர்காம தேவாலயம். பௌத்தரும் இந்துக்களும் ஒருங்கே கைகூப்பும் இடங்கள் இவை.

1660ஆம் ஆண்டில் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்த உரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், தாம் கண்டவற்றை 1681இல் நூலாக வெளியிட்டார். வெள்ளரசின் அடியிற் கல் பாவி, பெருக்கித் துப்புரவு செய்து, மக்கள் விளக்கேற்றினர் என்று அவர் எழுதுகிறார். இன்னுமொரு சுவையான செய்தியும் சொல்கிறார். அம்மரத்தை நட்டவர் விரைவில் இறந்து மேலுலகம் செல்வர் என்பது அக்கால நம்பிக்கையாம். ஆதலால் முதியவர்களே அதனை நட்டனராம். இளையோர் இவ்வுலகில் இன்னுஞ் சிலகாலம் இருக்க விரும்பி ஒதுங்கிக்கொண்டனராம்! ஐம்பதைக் கடந்துவிட்ட எனக்கு இதனைப் படிக்கையிற் சிரிப்பும் வந்தது, சிந்தனையும் வந்தது. தாம் இருந்து இளைப்பாற முடியாத நிழலைப் பிறருக்காக நட்டுச் சென்றவர்களுடைய தருமத்திலேதான் இன்று நாம் நிற்கிறோம்.

மகாவம்சமும் ஒரு செய்தி கூறுகின்றது. அநுராதபுரத்து மகாபோதியினின்று முதன்முதல் தோன்றிய எட்டுக் கன்றுகளுள் ஒன்று வடகரைத் துறையான சம்புகோளத்திலும், ஒன்று திவக்கன் என்னும் அந்தணனுடைய ஊரிலும், ஒன்று கஜரகாமம் எனப்பட்ட கதிர்காமத்திலும் நடப்பட்டனவாம். கந்தனைக் காணக் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியவர், கோயிலின் பின்புறத்தேயுள்ள வெள்ளரசையும் வணங்கியே திரும்புகின்றனர். இது யாருடைய மரம் என்று அவர்கள் வினவுவதில்லை.

இனிக் கண்டிப் பெரஹராவை நோக்குவோம். யானைகளையும் தீப்பந்தங்களையும் காண உலகமே திரள்கிறது. ஆயின் அவ்விழா யானையோடு தொடங்குவதில்லை, மரத்தோடு தொடங்குகிறது. நல்ல வேளையில் இளம் பலா மரமொன்றைச் சடங்குடன் வெட்டி, நான்கு தேவாலயங்களின் வளவுகளிலும் ‘கப்’ நடுகின்றனர். அதன் பின்னர் ஐந்து இரவுகள் தேவாலயங்களுக்குள்ளேயே ஊர்வலம் நடைபெறும். அதற்கும் பின்னரே வீதியில் யானைகள் வரும்.

இவ்வழக்கம் நமக்குப் புதியதன்று. நம் கோயில் விழாக்களுக்குப் பந்தற்கால் நாட்டுகிறோம். திருமணத்தில் அரசாணிக்கால் வைக்கிறோம். மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி அம்மன் கோயில்களிலே கலியாணக்கால் நடுதல் சடங்கின் சிறப்பான அங்கமாகும். பலா, அரசு, ஆல், அத்தி யாவும் பால் சுரக்கும் மரங்கள்; தாவரவியலார் இவற்றை ஒரே குடும்பத்தில் வைத்துள்ளனர். பாலுள்ள மரத்தை வளத்தின் அடையாளமாகக் கொண்டதில் இரு மொழியினரும் ஒத்த உள்ளத்தினராய் இருந்திருக்கின்றனர்.

நான்கு தேவாலயங்களுள் ஒன்றில் உறைபவள் பத்தினி. அவள் நம் கண்ணகியே. சேரன் செங்குட்டுவன் பத்தினிக்கு விழா எடுத்தபோது இலங்கை வேந்தன் கயவாகுவும் உடனிருந்தான் என்று சிலப்பதிகாரம் செப்புகின்றது. அக்காப்பியத்தில் நான் மாணவருக்கு எப்போதும் எடுத்துக்காட்டும் இடம் ஒன்றுண்டு. மதுரையை எரியூட்டிய கண்ணகி வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து, ஒரு மலையை அடைந்து, ஒரு வேங்கை மரத்தின் நிழலில் நிற்கிறாள். கணவனும் இல்லை, வீடும் இல்லை, ஊரும் இல்லை. அவளுக்கு இடங்கொடுத்தது அந்த மரம் ஒன்றே. மலைவாழ் குறவர் அவளை அங்கே கண்டனர். அங்கேயே தெய்வமாகக் கொண்டாடினர். செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து கோயில் எடுத்தது அதற்குப் பின்னரே. முதலில் மரம், பிறகே கல்.

இக்கதை இந்த மலைநாட்டிலே வேறொரு வகையில் மீண்டும் நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே கொண்டுபோயின. பிழைத்து மாத்தளையை அடைந்தவருக்கு முதலில் வேண்டியிருந்தது நிழல். அடுத்து ஒரு தெய்வம். கண்டிக்கு வடக்கே 16 மைல் அளவிலுள்ள மாத்தளையில் இன்று 108 அடி உயர இராசகோபுரத்துடன் விளங்கும் முத்துமாரியம்மன் கோயில், ஆதியில் ஒரு மரத்தடியில் வைத்து வணங்கப்பட்ட சிறு உருவமாகவே தொடங்கியது. 1874இல் கோயில் எழுந்தது. மாசி மகத்துப் பஞ்சரத பவனி சிறப்புற்றது. 1983ஆம் ஆண்டு வன்செயலில் அக்கோயில் எரியூட்டப்பட்டது, தேர்களும் சாம்பலாயின. ஆயினும் மக்கள் மீண்டும் கட்டினர். மீண்டும் தேர் இழுத்தனர். மரத்தடியில் தொடங்கத் தெரிந்தவர்க்குச் சாம்பலிலிருந்து தொடங்குதலும் கைவந்தது போலும்.

தோட்டந்தோறும் இதே வரலாறுதான். லயங்களின் அருகிலோ, காலையிற் பேர் பதியும் பிரட்டுக்களத்தின் ஓரத்திலோ ஒரு மரம். அதன் அடியில் ஒரு கல். அக்கல்லுக்கு மாரி, முனி, மாடசாமி என்று ஒரு பெயர். தேயிலை ஆலையின் சக்கரத்துக்கு ரோதைமுனி. கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச்சாமி. 1948ஆம் ஆண்டின் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றோர் ஆக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் அவ்வுரிமை வழங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏட்டிலே இடம் பெறாத அத்தனை ஆண்டுகளும் அவர்களுக்கு மரத்தடியில் இடமிருந்தது. 2023இல், முன்னோர் வந்த வழியை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தனர். அந்நடையின் பொருளை உணர்ந்தவர் இம்மரங்களின் பொருளையும் உணர்வர்.

நிற்க. இன்று இம்மரங்களுக்கு ஓர் இடர் நேர்ந்துள்ளது. அதனை விளைப்பவர் பகைவர் அல்லர், அன்பராகிய நாமே. கோயிலைப் பெரிதாக்க விரும்பும்போது முதலிற் கோடரி விழுவது மரத்தின் மேலேயாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கண்டிக்கு அணித்தான தோட்டமொன்றில் கோயிற் திருப்பணிக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருந்தனர். அரச மரத்தின் வேர் மதிலைப் பிளந்துவிட்டது. மண்டபம் எழுப்பவும் இடம் போதவில்லை. ஆகவே மரத்தை அகற்றுவோம் என்றனர் இளைஞர். அவர்கள் கூறியதில் நியாயம் இல்லாமல் இல்லை. வேர் சுவரைப் பிளப்பதும், பட்ட கிளை முறிந்து விழுவதும் மெய்யே. அப்போது, கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர் எழுந்தார். “தம்பிமாரே, சாமி சுவரைத் தேடி வரவில்லை, மரத்தைத் தேடித்தான் வந்தது. சாமியை உள்ளே வைத்துக்கொண்டு சாமி குடியிருந்த வீட்டை வெட்டலாமா?” என்றார். “அப்பாயி சொல்வது சரிதான், ஆனால் மண்டபம் சிறுத்துப் போகுமே” என்றார் ஓர் இளைஞர். “சிறுத்தால் என்ன? மிச்சப் பேர் மரத்தடியில் உட்காருவோம். எங்கள் காலத்தில் எல்லாரும் அங்கேதானே உட்கார்ந்தோம்” என்றார் அவர். மதில் ஒன்பது அடி உள்ளே தள்ளிக் கட்டப்பட்டது, மண்டபமும் சிறுத்தது. பொருள் உதவியோர் சிலருக்கு அதில் மனக்குறை உண்டு. ஆயினும் மரம் நிற்கிறது.

மரம் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தில்லை சான்றாகும். தில்லை மரங்களாற் பெயர் பெற்ற சிதம்பரத்தில் இன்று அம்மரத்தைக் காண்பது அரிது; காண விரும்புவோர் பிச்சாவரத்துக் கழிமுகக் காட்டுக்குச் செல்லவேண்டும். அங்கே பெயர் நிலைத்தது, மரம் பெயர்ந்தது.

ஆதலின் யாத்திரை செல்லும் நேயர்களுக்கு என் வேண்டுகோள் இது. மரத்தை வலம்வரும்போது அதன் பட்டையில் ஆணி அறையாதீர்கள். கர்ப்பூரத்தை அடிமரத்தில் ஏற்றாது, தள்ளியுள்ள கல்லின் மேல் ஏற்றுங்கள். மரத்தின் உணவு பட்டையின் உட்புறம் வழியேதான் வேருக்கு இறங்குகிறது. அடிமண்ணை முழுதுஞ் சீமெந்தால் மூடாதீர்கள். வேருக்கும் காற்றும் நீரும் வேண்டும். கண்டித் தாய்மாரைப் போல ஒரு குடம் நீர் வார்த்தல், நூறு தேங்காய் உடைப்பதிலும் அம்மரத்துக்கு உகந்த பூசையாகும். திருப்பணி செய்யும் பெரியோர்களே, வரைபடத்தில் முதற்கோடு இழுக்குமுன் மரம் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதுமை எய்தியோரே மரம் நட்டனர் என்று நொக்ஸ் எழுதினார். எம் பாடசாலையில் அவ்வழக்கத்தைச் சற்றே மாற்றியிருக்கிறோம். கன்றை நடுபவர் ஓய்வுபெறும் ஆசிரியர். நாள்தோறும் நீர் வார்ப்பவர் அவ்வாண்டு முதலாம் வகுப்பிற் சேரும் பிள்ளைகள்.