குங்கிலியமும் கெக்குண மரமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற வெள்ளிக்கிழமை நமது கோயிலிலே தீபாராதனை நடந்தபோது, பின்னால் நின்ற ஒரு பாட்டியம்மா மூக்கைச் சுளித்து, "இது என்னப்பா, மரத்தூளு கருகுற மாதிரி இருக்கே" என்றார். அவர் சொன்னது உண்மை. கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று கடையில் விற்கும் கூம்பு பெரும்பாலும் கரித்தூளும் மரத்தூளும் வாசனைத் திரவியமுந்தான். பாட்டியம்மா தேடிய அந்தப் பழைய வாசனையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

திருக்கடவூரிலே குங்கிலியத் தூபமிடுவதையே தொண்டாகக் கொண்டவர் கலய நாயனார். வறுமை வந்து பிள்ளைகள் பசித்திருக்க, நெல் வாங்கி வரும்படி மனைவியார் தாலியைக் கழற்றிக் கொடுத்தார். வழியிலே குங்கிலியப் பொதியோடு ஒரு வணிகன் எதிர்ப்பட்டான். நெல் மறந்தது, தாலி குங்கிலியமாயிற்று. இதனைப் பெரியபுராணத்திலே படிக்கும்போது நாயனாரின் அன்பை வியக்கிறோம். அந்த அம்மையாரின் பசியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அதற்கு வேறொரு நாள் வேண்டும்.

அது எந்த மரத்தின் பிசின் என்று கேட்டால் பெயர்கள் நம்மை மயக்கிவிடும். குங்கிலியம் என்று பெரும்பாலும் கிடைப்பது வட இந்தியச் சால மரத்தின் பிசின். சாம்பிராணி சுமாத்திராவிலிருந்து வரும் வேறொரு மரத்தினுடையது. இவ்விரண்டையும் விட்டு மூன்றாவதாக ஒரு குடும்பம் உண்டு. தாவரவியலார் அதனைப் பர்சரேசியே என்பர். மேற்குத் தொடர்ச்சி மலையின் கருங்குங்கிலியம், குந்திரிக்கம், குக்குலு, வெள்ளைப்போளம் ஆகிய யாவும் அக்குடும்பத்தவை. மாமரக் குடும்பத்துக்கு அது நெருங்கிய உறவு. காம்பொடித்த மாங்காயின் பால் உதட்டைச் சுட்ட அனுபவம் இங்கே பலருக்கும் இருக்கும்.

நாம் மிஷன் பள்ளியிலே படித்தபோது, நத்தார் நாடகத்திலே மூன்று ஞானியருள் ஒருவராக வேடமிட்டு வெள்ளைப்போளப் பெட்டியைச் சுமந்தோம். பெட்டிக்குள்ளே இருந்தது கூழாங்கல். வெள்ளைப்போளம் என்றால் என்னவென்று வீட்டிலே கேட்டோம். அப்பாயி தமது மருந்துப் பெட்டியைத் திறந்து, செம்பழுப்பான ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பெத்லகேமுக்குப் போனதும் லயத்து வீட்டிலே இருந்ததும் ஒரே சரக்கு என்று அறிந்த வியப்பு இன்னும் தீரவில்லை. தாவரவியல் படிக்க வந்ததற்கும் அந்தக் கட்டியே காரணம் எனலாம்.

மரம் பிசின் சொரிவது நமக்காக அன்று. பட்டையிலே காயம்பட்டால் பூச்சியும் பூஞ்சணமும் உள்ளே நுழையும். பிசின் வழிந்து இறுகி அந்த வாயை அடைக்கிறது. ஆகவே நாம் தூபமிடுவது மரம் தன் புண்ணுக்கு இட்ட மருந்தையே. ஓமானிலும் சோமாலியாவிலும் எத்தியோப்பியாவிலும் குந்திரிக்க மரத்தின் பட்டையைச் சிறிது சீவிவிட்டு, சில வாரம் பொறுத்து, இறுகிய துளிகளைச் சேர்ப்பார்கள். அளவோடு சீவினால் மரம் தாங்கும். பேராசையோடு சீவினால் நலிந்துபோகும். எத்தியோப்பியக் காடுகளிலே தீயாலும் மேய்ச்சலாலும் இளங்கன்றுகள் தலையெடுப்பதில்லை; இன்னும் 20 ஆண்டுகளில் விளைச்சல் பாதியாகலாம் என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு எச்சரித்தது. குசராத்திலும் இராசத்தானத்திலும் குக்குலுச் செடி அழிவின் விளிம்புக்கே வந்துவிட்டது. மிகுந்த பிசினுக்காகச் செடியையே சாகவைக்கும் முறையில் கீறியது ஒரு முக்கிய காரணம்.

நமது நாட்டிலும் இக்குடும்பம் உண்டு. யாழ்ப்பாணத்து வேலிகளில் நிற்கும் கிளுவை இதனைச் சேர்ந்ததே. ஈரவலயக் காடுகளிலே கெக்குண என்று சிங்களவர் சொல்லும் பெருமரம் இலங்கைக்கே உரியது. அதன் பிசினும் நறுமணப் புகை தரும்.

நமது மலைகளிலே கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டது. வெட்டியவை நம் முன்னோரின் கைகள். நமக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பிறகு தேயிலை மலையெங்கும் பரந்தது. காட்டை வெட்டிய குடும்பங்களுக்குச் சொந்தமாக ஒரு மரம் நட மண் கிடைத்ததா? கிளுவை வேலி போடுவதற்கு முதலில் வளவு வேண்டும். லயத்துக்கு வேலி ஏது? வாழைக் கன்றாயின் ஓராண்டில் குலை தள்ளும். எவர் நிலத்திலும் வைக்கலாம். கெக்குண அப்படியன்று. அது பெரிதாக ஒரு தலைமுறை செல்லும். நம்முடையது என்று நாம் துணிந்து சொல்லும் மண்ணிலே மாத்திரமே அதனை வைக்க முடியும். காணி உரிமை வேண்டுமென்று நாம் கேட்பதில் இதுவும் அடங்கும்.

இப்போதைக்கு நமக்குள்ளது கோயில் வளவு. பின்மதிலோரத்து வெறுந்தரையிலே இரண்டு கெக்குணக் கன்றுகள் வைக்கப் பெரியோர்கள் அனுமதி தர வேண்டுகிறோம். பேராதனையில் கன்று கேட்டுப் பார்ப்பது நமது பொறுப்பு. நமது ஊரின் பெயரைத் தாங்கிய கலஹா வீதிதானே பல்கலைக்கழகத்தின் நடுவே செல்கிறது! நம் காலத்தில் எவரும் அதைக் கீற வேண்டாம். தானாக வழிந்து உறைவதைப் பொறுக்கி ஒரு திருவிழாவுக்கு இட்டாற் போதும். ஒக்டோபர் மழைக்கு முன்னே குழி வெட்டிவிட வேண்டும். அனுமதி கிடைக்குமாயின் அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மண்வெட்டி வைத்திருப்பவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள்.