கோட்டை கேட்பதும் ஊராட்சி கேட்பதும்



கூட்டாட்சி என்றதும் நம் மேடைப் பேச்சு டெல்லிக்கும் சென்னைக்கும் இடையிலேயே நின்றுவிடுகிறது. இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் நான் சென்னையிலிருந்து கீழே இறங்க விரும்புகிறேன். அதற்குத் துணையாக அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்த கே. சந்தானத்தை அழைத்துக்கொள்கிறேன்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், கிராமத்தை ஆட்சியின் அடிப்படை அலகாக ஏற்க மறுத்தார். கிராமம் தீண்டப்படாதவரை எப்படி நடத்தியது என்று அறிந்தவரின் மறுப்பு அது. அதே மாதம் 22ஆம் நாள், ஊராட்சிகளை அமைத்து அவற்றுக்கு அதிகாரம் அளிக்க வேண்டும் என்ற திருத்தத்தைச் சந்தானம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். அரசமைப்பின் 40ஆம் பிரிவு அப்படி வந்தது. பின்னாளில் இரண்டாம் நிதி ஆணையத்தின் தலைவராக, மத்திய வரியில் மாநிலங்களின் பங்கை வகுத்தவரும் இதே சந்தானம்தான். அவர் இரண்டு வேலையையும் செய்தார். நாமோ ஒன்றுக்காக உரக்க வாதாடுகிறோம், மற்றொன்றை ஆறப்போட்டிருக்கிறோம்.

மாநிலத்தின் வழக்கு வலுவானது. மத்திய–மாநில உறவை ஆராய்ந்து 1971இல் அறிக்கை தந்த இராஜமன்னார் குழு, மாநில ஆட்சியைக் கலைக்க வழிசெய்யும் 356ஆம் பிரிவையே நீக்கச் சொன்னது. அதன் பிறகும் 1976இலும் 1991இலும் இங்கே ஆட்சி கலைக்கப்பட்டது. நெருக்கடி நிலைக் காலத் திருத்தத்தில் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனது, இன்னும் திரும்பவில்லை. செஸ், கூடுதல் வரி என்று வசூலாகும் பணத்தில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. ஜி.எஸ்.டி. மன்றத்தில் முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசிடம் இருப்பதால் அது இணங்காமல் எதுவும் நிறைவேறாது. இந்தக் குறைகளில் ஒன்றைக்கூட நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் 1994ஐப் பாருங்கள். மார்ச் 11 அன்று பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓர் ஆட்சிக்குப் பெரும்பான்மை உண்டா என்பதைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும், கலைப்பு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்று தீர்ப்பளித்தது. மாநிலங்கள் மூச்சுவிட்டன. அடுத்த மாதமே நடைமுறைக்கு வந்தது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அதன் 205ஆம் பிரிவின்படி, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை மாவட்ட ஆட்சியர் பதவிநீக்கம் செய்யலாம். தாசில்தார் கூட்டம் கூட்டி ஊராட்சி மன்றத்தின் கருத்தைக் கேட்பார், முடிவு ஆட்சியருடையது. ஆட்சியைக் கலைக்கச் சொல்லும் ஆளுநரின் அறிக்கையைக் கண்டு கொதிக்கும் நாம் இதை எப்படி ஏற்றோம்?

தேர்தலிலும் இதே நிலைதான். ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தல் நடக்க வேண்டும் என்பது அரசமைப்பின் கட்டளை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும், தேர்தல் நடந்தது. அதுவரை தனி அலுவலர்கள். 2025 ஜனவரியில் அந்த மன்றங்களின் காலமும் முடிய, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தனர். சட்டமன்றத்துக்கு இப்படி நேர்ந்திருந்தால் தமிழகம் கொந்தளித்திருக்கும்.

ஊராட்சிக்கு மேலே ஒரு காவல் வேண்டும் என்ற எதிர்வாதம் உண்டு, அதை மதிக்கிறேன். மேலவளவின் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்ட மண் இது. அம்பேத்கரின் அச்சம் பழங்கதை ஆகிவிடவில்லை. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். தனித்தொகுதியில் வென்ற தலைவரை முடக்க ஆதிக்கச் சாதித் துணைத் தலைவர் ஒருவர் கையெழுத்திட மறுத்தாலே போதும். ஆகவே பதவிநீக்கத்தை மன்றத்தின் பெரும்பான்மைக்கு விட்டுவிடவும் முடியாது. அது அந்தத் தலைவரை மீண்டும் அதே ஊரின் ஆதிக்கத்திடம் ஒப்படைப்பதாகும். காவல் தேவைதான். அந்தக் காவலை மாநில அரசின் ஆணைக்குக் கட்டுப்பட்ட அதிகாரியிடம் ஏன் தர வேண்டும்?

உள்ளாட்சிகள் மீதான புகார்களை விசாரிக்கும் முறைமன்ற நடுவம் அமைக்க 2014இலேயே இங்கே சட்டம் இயற்றப்பட்டது. 205ஆம் பிரிவின் அதிகாரத்தை ஆட்சியரிடமிருந்து எடுத்து, நீதித்துறை அனுபவம் உள்ளவர் தலைமையில் அந்த நடுவத்திடம் தரலாம். மத்திய–மாநில உறவை ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் 2025இல் தமிழக அரசு குழு அமைத்தது; வரவேற்கிறேன். மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்குமான உறவை ஆராய, அதே தரத்தில், ஊராட்சித் தலைவர்களும் உறுப்பினர்களாக அமரும் ஒரு குழுவை இந்த அரசு அமைக்க வேண்டும். அந்தக் குழுவை அமைக்கச் சட்டத் திருத்தம் தேவையில்லை, டெல்லியின் ஒப்புதலும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.